பக்கத்து நாற்காலி

கால் சென்டர்களில் ‘ஒய் கார்டு’ என்று ஒரு கம்பி புழங்கியது. மேசைத் தொலைபேசியிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஹெட்செட்டுகளில் போய் முடியும். ஒன்று அழைப்பை எடுப்பவருக்கு. மற்றது, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு. புதியவரின் மைக் அணைந்திருக்கும். கேட்கலாம், பேச முடியாது. இருபது வருஷத்துக்கு மேலாகப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். ஸ்லைடு, கையேடு, தேர்வு, வீடியோ என்று எல்லாவற்றையும் பயன்படுத்தியாயிற்று. அந்தக் கம்பி சொல்லிக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்களுடையது அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு ப்ராசஸ். அங்கே பல காப்பீடுகளில் ‘டிடக்டிபிள்’ என்றொரு தொகை உண்டு. அந்தத் தொகை வரைக்கும் செலவை நோயாளியே ஏற்க வேண்டும். அதைத் தாண்டிய பிறகே காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று இந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். டிசம்பரில் சொற்பக் காசுக்கு வாங்கிய மருந்துக்கு ஜனவரியில் நூற்றுக்கணக்கான டாலர் கேட்டால் யாருக்குத்தான் பதறாது? அதனால் ஜனவரி முழுக்க ஃப்ளோர் கொதிக்கும். நாங்கள் செப்டம்பரிலேயே பேட்ச் எடுத்து, வகுப்பு நடத்தி, ‘நெஸ்டிங்’ என்று சொல்லும் மேற்பார்வைக் காலத்தையும் முடித்து, வருஷக் கடைசிக்குள் பிள்ளைகளைத் தயார் செய்துவிட வேண்டும்.

அப்படி ஒரு ஜனவரி இரவு. விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருத்தி அழைப்பில் இருக்கிறாள். ஃப்ளோரில் எல்லாருக்கும் அவள் அக்கா. பக்கத்தில் ஒய் கார்டில் ஒரு புதுப் பையன். ஒஹாயோவிலிருந்து ஒரு முதியவர், மனைவியின் இன்சுலினுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று குரலை உயர்த்திக் கேட்கிறார். அவர் பேசி முடிப்பதற்குள் அவள் கை இரண்டு திரைகளைத் திறந்துவிட்டது. பதில் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. மியூட்டை அழுத்தி, பையன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “கோவம் இல்லடா இது. பயப்படுறாரு. இப்ப நம்பரைச் சொன்னா காதுல ஏறாது.” மியூட்டை எடுத்து, வீட்டில் இப்போது எத்தனை நாளைக்கு மருந்து கையிருப்பு இருக்கிறது என்று அவரிடம் கேட்டாள். குரல் இறங்கியது. அதற்கப்புறம்தான் டிடக்டிபிள்.

டிடக்டிபிள் என்றால் என்ன என்பதை அந்தப் பையனுக்கு நான் வகுப்பில் நாள்கணக்கில் நடத்தியிருந்தேன். தேர்விலும் நல்ல மார்க் வாங்கியிருந்தான். எப்போது அதைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் கிடையாது. அது அந்தச் சில வினாடி மியூட்டுக்குள் இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது.

எங்கப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டர். அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்தார். அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து அப்பா அப்ரண்டிஸாக உள்ளே போனவர். ஆரம்பத்தில் அரத்தைக் கையில் கொடுக்கவே இல்லையாம். இரும்புத் தூளைப் பெருக்குவது, ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, மேஸ்திரிக்கு டீ வாங்கி வருவது. அப்பா இதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. “அங்கயேதானே நின்னுக்கிட்டிருந்தேன், எல்லாம் கண்ணுல பட்டுச்சு” என்பார். அரம் மட்டமாகப் போகிறதா, சாய்ந்து போகிறதா என்பது சத்தத்திலேயே தெரியுமாம். மேஸ்திரி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பார். பின்னால் ஒரு பையன் அரத்தைத் தப்பாகப் போடுவது காதில் விழுந்ததும் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல், மணிக்கட்டைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போவார்.

இப்படிப் பக்கத்தில் நின்று கற்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட சின்னப் புத்தகம். லைபீரியாவில் தையல் கற்கும் பையன்களைப் பற்றி அதில் வருகிறது. துணி வெட்டுவதிலிருந்து அவர்கள் தொடங்குவதில்லை. பித்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசி வேலையில் தொடங்கி, தைப்பதற்கு வந்து, வெட்டுவதற்குக் கடைசியாகப் போகிறார்கள். முடிந்த சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது முதலிலேயே கைக்குத் தெரிந்துவிடுகிறது. துணி பாழாகிற ஆபத்தும் இல்லை. படிக்கும்போது அப்பா பெருக்கிய இரும்புத் தூள்தான் என் நினைவுக்கு வந்தது. அந்தப் புத்தகத்தில் கசாப்புக்காரர்களைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பயிற்சி அறை பெருங்குடியில் மூன்றாவது மாடியில் இருந்தது. மேசைகளை ‘ப’ வடிவத்தில் போட்டிருப்போம். போன், பேனா, காகிதம் எல்லாம் வெளியே லாக்கரில். நோயாளிகளின் விவரம் திரையில் வரும் இடம் என்பதால் குறிப்பெடுக்கக்கூட அனுமதி கிடையாது. சுவரில் ஒரு சார்ட் ஒட்டி ‘பார்க்கிங் லாட்’ என்று எழுதியிருப்பேன். இப்போது பதில் சொல்ல முடியாத கேள்விகளை அதில் எழுதிவைத்து, நாள் முடிவில் எடுத்துப் பேசுவோம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் அத்தனை பேரும் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை எந்தப் பயிற்சியாளரும் நம்ப மாட்டார். புரியாதவர் யார் என்பது வேறு விதமாகத் தெரியும். ஒருத்தர் பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பார். ஒருத்தி மவுஸைச் சும்மா நகர்த்திக்கொண்டிருப்பாள். டீ இடைவேளையில் பேட்ச்சிலேயே விஷயம் தெரிந்த பிள்ளையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அங்கே தமிழில் ஒரு வகுப்பு நடக்கும். காலையில் நான் ஆங்கிலத்தில் சொன்னது அப்போதுதான் பலருக்கு உள்ளே இறங்கும். கம்பெனியின் பயிற்சி அட்டவணையில் அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு ‘பிரேக்’ என்று மட்டும் போட்டிருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பெருங்குடிச் சாலை முழுக்கத் தண்ணீர் நின்றபோது, பல நிறுவனங்கள் ஆட்களைப் பஸ் வைத்துப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்து வேலையை நடத்தின. ஆட்களை வேறு ஊருக்கு மாற்றலாம் என்று தோன்றியதே தவிர, வேலையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் துறையில் விதிகளும் அப்படித்தான் இருந்தன. கால் சென்டர்கள் தொலைத்தொடர்புத் துறையின் ‘ஓ.எஸ்.பி.’ பதிவின் கீழ் வந்தன. வீட்டிலிருந்து ஒருவர் அழைப்பு எடுக்க வேண்டுமென்றால் பிணைத்தொகை, அங்கீகாரம் பெற்ற தனி இணைப்பு என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். கொரோனா பரவியதால் 2020 மார்ச் 13 அன்று அந்த விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பர் 5 அன்று வந்த புது வழிகாட்டுதல்களில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். ‘ஹைபிரிட்’ என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, எங்களுக்கு அதற்கான கதவு திறந்தது இந்த இரண்டு தேதிகளில்தான்.

மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அதற்கு முந்தைய நாட்களில் கேப்களில் ஆட்களுக்குப் பதிலாக சி.பி.யூ.க்கள் போயின. மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்தேன். ஒய் கார்டுகள் ஒரு அட்டைப்பெட்டியில், ஸ்டோர் ரூமில் கிடந்தன. வீட்டுக்கு எடுத்துப்போய் அதை எங்கே சொருகுவது?

வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மாற்றுவது என்றால், இருந்த அட்டவணையை அப்படியே: காலையில் ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறு வரை, அதே ஸ்லைடு, அதே இடைவேளை. ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். 2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு கோடிப் பங்கேற்புகள் இருந்தன. 2020 ஏப்ரலில் அது முப்பது கோடி. அத்தனை வேகத்தில் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஃபைலாக இருந்தது எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஃபைலாக இல்லாதது அறையிலேயே நின்றுவிட்டது.

திரையில் இருபத்துச் சொச்சம் கறுப்புக் கட்டங்கள். “கேட்குதா?” என்பேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாட்டில் ஒரு ‘எஸ் மேம்’ வரும். கேமராவைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள் என்று மேலிடத்தில் ஒரு தரப்பு நின்றது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் சிக்னலுக்காக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். நிழல் நகர நகர அவனும் நகர்வான். இன்னொரு பெண் இருந்தது ஒற்றை அறை வீடு. அவளுக்குப் பின்னால் அடுப்பும், பகலில் தூங்கும் நைட் வாட்ச்மேன் அப்பாவும். அன்றைக்குப் பலரிடம் இருந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா. கேமராவைப் போட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குமேல் வகுப்பும் இல்லை, குரலும் இல்லை. ஒரு பிள்ளையின் வீட்டுச் சுவரைப் பார்க்கும் உரிமை வேலை கொடுத்ததால் வந்துவிடாது.

ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் என்ற பேராசிரியர் 2021 பிப்ரவரியில் வீடியோ கூட்டங்கள் ஏன் இப்படி அசதியாக்குகின்றன என்று நாலு காரணங்களை எழுதினார். எல்லா முகங்களும் மிகக் கிட்டத்தில் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது; நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது; நகர முடியாமல் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது; ஒரு தலையசைப்பைக்கூடப் பெரிதாகச் செய்துகாட்ட வேண்டியிருப்பது. படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். வகுப்பு முடிந்து நான் தரையில் படுத்துவிடுவதற்கு வயசு மட்டும் காரணமில்லை என்று தெரிந்தது. ஆனால் என் பிள்ளைகளின் பிரச்சினை அசதியோடு முடியவில்லை. நெஸ்டிங்குக்கு வந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

தேர்வில் எல்லாரும் தேறியிருந்தார்கள். கால் எடுத்ததும் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. நோயாளி அழுதால் என்ன செய்வது, இரண்டு திரையில் எதை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் ஹோல்டில் வைக்கலாம், எப்போது டீம் லீடரான டி.எல்.லைக் கூப்பிடலாம், ஒன்றும் தெரியவில்லை. காரணம் தெளிவு. அவர்கள் யாரும் இன்னொருவர் கால் எடுப்பதைப் பார்த்ததே இல்லை.

கசாப்புக்காரர்கள் இங்கேதான் வருகிறார்கள். லேவும் வெங்கரும் சொல்லும் அந்தப் பகுதி அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் இறைச்சி வெட்டக் கற்பவர்களைப் பற்றியது. புதிதாக வந்தவரைக் கடைக்காரர்கள் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். அங்கே நின்றால் கடைக்கு லாபம். ஆனால் சில கடைகளில் அந்த இயந்திரம் இருந்தது தனி அறையில். தேர்ந்தவர்கள் வெட்டும் மேசை அங்கிருந்து கண்ணில் படாது. பயிற்சிக் காலம் ஓடும், வேலை வராது. அப்பா இரும்புத் தூள் பெருக்கியதும் சின்ன வேலை, இவர்கள் பொட்டலம் கட்டியதும் சின்ன வேலை. நடுவில் ஒரு சுவர் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். என் பேட்ச்சுக்கு நாங்கள் எழுப்பியிருந்தது அந்தச் சுவர்.

அதே புத்தகத்தில் கப்பற்படை மாலுமிகளும் வருகிறார்கள். அவர்களைப் பற்றி எட்வின் ஹட்சின்ஸ் ஆராய்ந்திருக்கிறார். கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் குழு அது. ஆட்கள் கப்பலின் வேறு வேறு இடங்களில் நிற்பார்கள். ஆனால் அவர்களை ஒரே போன் இணைப்பு சேர்த்துவைத்திருக்கும். ஒருவர் கேட்பதும் இன்னொருவர் சொல்வதும் தடுமாறுவதும் எல்லார் காதிலும் விழும். புதியவர் தன் வேலையைச் செய்துகொண்டே அடுத்தவர் வேலையையும் கற்றுவிடுகிறார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே இடத்தில் இல்லாதவர்களுக்கும் பக்கத்து நாற்காலி போட முடியும் என்று அந்தக் கப்பல் சொன்னது. அதற்கு வேண்டியது ஒரு பொது இணைப்பு, எப்போதும் திறந்திருக்கும் காது.

எங்கள் மென்பொருளில் அது ஏற்கெனவே இருந்தது. மேற்பார்வையாளர்களுக்காக வைத்திருந்த மூன்று வசதிகள்: ‘மானிட்டர்’ என்றால் அழைப்பைக் கேட்கலாம், ‘விஸ்பர்’ என்றால் நம் ஆளுக்கு மட்டும் கேட்கும்படி பேசலாம், ‘பார்ஜ்’ என்றால் அழைப்புக்குள்ளேயே நுழையலாம். தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பிப் போடச் சொன்னேன். அனுபவமுள்ள ஒருவரோடு மூன்று புதியவர்கள் ‘மானிட்டரில்’ சேர்வார்கள். அவர் தன் திரையையும் உள் தளத்தில் பகிர்வார். மூன்றுக்கு மேல் கூடாது. நாலாவது ஆள் சேர்ந்தால் அது வகுப்பாகிவிடுகிறது, பேச்சு போய்விடுகிறது. அழைப்பு முடிந்ததும் அடுத்தது உடனே வந்து விழாதபடி ‘ஆக்ஸ்’ போட்டுவிட்டு, நாலு பேரும் மைக்கைத் திறக்க வேண்டும். அப்போது ஸ்லைடு கிடையாது, நான் கிடையாது. “ஏன்க்கா அந்த இடத்துல அமைதியா இருந்தீங்க?” என்று புதியவர் கேட்பார். இந்தக் கேள்விக்கு நான் எழுதிய கையேடு எதிலும் பதில் இல்லை. அனுமதி வாங்குவது சுலபமாக இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவத் தகவல் எல்லாம் 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் வருவது. யார் எந்த அழைப்பைக் கேட்டார்கள் என்று பதிவு வேண்டும், வீட்டில் ஹெட்செட் இல்லாமல் ஒலி வரக் கூடாது, பேப்பர் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்து, ஒப்புதல் வாங்கினோம்.

ஆன்லைனால் நஷ்டம் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ‘ப’ வடிவ மேசையில் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள் சாட்டில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சம் விரல்களுக்கு இல்லை. பிரசவத்துக்குப் பின் சொந்த ஊரோடு தங்கிவிட்ட பெண்கள் திரும்ப வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பையன் வந்தான். எங்கள் பழைய கட்டடத்தின் வாசலில் சாய்தளம் ஒன்று இருந்திருந்தால் அவன் முன்னாலேயே வந்திருப்பான். பெருங்குடிக்கு வரமுடிந்தவர்களில் மட்டுமே நாங்கள் திறமையைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வகுப்பையும் உடைத்துப் போட்டேன். எட்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் நடத்துவதற்கான ஒரே காரணம், அறையும் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் ஒரு நாளைக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன என்பதுதான். அறை இல்லையென்றான பிறகு ஒரு நாளை ஏன் ஒரு நாளாக வைத்திருக்க வேண்டும்? விளக்கம் எல்லாம் சின்னச் சின்ன வீடியோவாகப் போயிற்று. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விதத்தை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிஷத்துக்கு மேல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், குறைந்தது பாதித் தடவை ஜனங்கள் பார்த்தது ஆறு நிமிஷத்துக்குள்தான். நேரடி வகுப்பு ஒன்றரை மணி நேரம் மட்டும். அதில் நான் விளக்குவதில்லை, அவர்கள் ‘மாக் கால்’ என்ற மாதிரி அழைப்புகளை எடுக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்னத் தேர்வு, பத்தாம் நாள் அதே விஷயத்தில் இன்னொன்று. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியது இது: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே மேலே இருந்தார்கள். ஒரே வாரத்தில் திணித்து முடிக்கும் பயிற்சி, அந்த ஐந்தாவது நிமிஷத்துக்காக நடத்தப்படுவது.

ஆனால் தளங்கள் தரும் டாஷ்போர்டு இருக்கிறதே, அது வேறொன்றைக் கொண்டாடுகிறது. எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை சதவீதம், யார் எந்த நிமிஷத்தில் வெளியே போனார்கள். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959லேயே பயிற்சியை நாலு படியாக அளக்கச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. முதல் இரண்டும் ஆன்லைனில் தானாகவே எண்ணாகி வந்துவிடுகின்றன. மூன்றாவதைப் பார்க்க ஒரு ஆள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எண் சுலபமாகக் கிடைக்கும் இடத்திலேயே எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்திக்கொண்டே போகும் வருடாந்திரத் தகவல் பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம், மீதி வீடு. எல்லாவற்றையும்விடக் கடினமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. அறையில் பன்னிரண்டு பேர், திரையில் எட்டுப் பேர் என்று ஒரே வகுப்பு. அறையில் யாரோ ஏதோ சொல்லச் சிரிப்பு எழும். கூரையில் மாட்டிய மைக்குக்கு அது இரைச்சலாகவே போகும். வீட்டில் இருப்பவர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் தடவை சொல்வார், இரண்டாம் தடவை சொல்வார், மூன்றாம் தடவை சொல்ல மாட்டார். அன்றைக்கே அவர் வகுப்பை விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். அதனால் என் பேட்ச்சில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரே ஒருவர் வெளியில் இருந்தாலும் எல்லாரும் அவரவர் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட் போட்டு, அவரவர் கட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். அறையில் இருப்பவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் எரிச்சல் எல்லாருக்கும் சமமாக இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து, மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலையைத் தாண்டி சோழிங்கநல்லூரில் எங்கள் இப்போதைய அலுவலகத்துக்கு வரும் ஒரு பெண், அங்கே உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீடியோ பயிற்சி பார்ப்பதைக் காணும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அவள் அந்தப் பயணத்துக்குக் கொடுத்த நேரத்துக்கு அலுவலகம் என்ன திருப்பிக் கொடுத்தது? ஆள் நேரில் வரும் நாளில் ஸ்லைடு கூடவே கூடாது என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஃப்ளோரில்தான் இருக்க வேண்டும். மென்டார் பக்கத்தில் நாற்காலி. ஸ்டோர் ரூமில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். கம்பிகளில் பாதி எங்கள் புது யூ.எஸ்.பி. ஹெட்செட்டுகளுக்குப் பொருந்தவில்லை. மீதிக்குப் பழைய போன் பெட்டி இருந்தால்தான் வேலை. ஒரே கணினியில் இரண்டு ஹெட்செட்டை இணைக்க ஐ.டி. டீம் ஒரு வழி செய்து கொடுத்தது. நன்றாகவே கேட்கிறது.

2020 பேட்ச்சில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். நெஸ்டிங்கில் முதல் வாரம் ஒவ்வொரு கால் முடிந்ததும் அழுதவள். மானிட்டரில் விழுப்புரத்துக்காரியோடு சேர்த்துவிட்டேன். அவள் அதற்குள் டி.எல். ஆகியிருந்தாள், இருந்தாலும் புதியவர்களுக்காகக் கால் எடுத்தாள். ஆலங்குளத்துப் பெண் சென்னை அலுவலகத்தை முதன்முதலில் பார்த்தது 2022இல். லிஃப்டில் என்னைப் பார்த்ததும், “மேம், நீங்க இவ்ளோ குள்ளமா!” என்றாள். இன்றைக்கு எங்களிடம் இருக்கும் மென்டார்களில் அவள்தான் முதல். அமெரிக்கக் கிழவர்களின் பயத்தையும் கோபத்தையும் முதல் வாக்கியத்திலேயே பிரித்துச் சொல்கிறாள். ஆலங்குளத்தில் அவள் வீட்டு மாடியறையிலிருந்துகொண்டு மதுரையில் ஒருவன், ஆம்பூரில் ஒருத்தி, சென்னையில் ஒருவன் என்று மூன்று பேரை ஒரே சமயத்தில் தேற்றிவிடுகிறாள்.

போன மாதம் கூப்பிட்டாள். “மேம், இந்தத் தடவை மென்டார் லிஸ்ட்ல என் பேரைப் போடாதீங்க.” ஏன் என்றேன். ஒவ்வொரு காலுக்கும் பின்னால் ஆக்ஸில் போகிற நேரம் அவள் கணக்கில் ஏறுகிறது. புதியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவளும் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறாள். ஒரு காலுக்கான சராசரி நேரம் கூடுகிறது. மாத இன்சென்டிவ் போகிறது. “சொல்லிக்குடுக்கிறது எனக்குப் பிடிக்கும் மேம். ஆனா அதுக்கு நான் காசு கட்டணுமா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயம். ஐ.சி.எஃப்.பில் மேஸ்திரி ஒரு பையனின் மணிக்கட்டைத் திருத்தப் போன நேரத்துக்கு யாரும் அவர் சம்பளத்தைப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன்ஸோடு பேசினேன். நெஸ்டிங் வாரங்களில் மென்டார்களின் நேரக் கணக்கைத் தனியாக வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஜனவரிக்கு முடியாது என்றார்கள். ஜனவரியில்தான் அது வேண்டும் என்றேன். பழைய பேட்ச்களின் ரெக்கார்டுகளை எடுத்து, மென்டாரோடு சேர்ந்து கேட்டவர்கள் ஜனவரியில் எத்தனை கால்களை மேலிடத்துக்குத் தள்ளாமல் தாங்களே முடித்தார்கள், கேட்காதவர்கள் எத்தனை என்று ஒரு தாள் போட்டு அனுப்பியிருக்கிறேன். கிர்க்பாட்ரிக்கின் மூன்றாவது படி அது. கையால் எண்ணி எடுத்தேன். செப்டம்பர் பேட்ச்சுக்கான மென்டார் பட்டியலில் ஆலங்குளத்துப் பெண்ணின் பெயரை இன்னும் எழுதவில்லை. அவர்கள் பதில் எழுத்தில் வந்தால் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.